கடைசி நெரையில் ஒரு நடிகை

என் வீட்டு ஹாலில் சிவப்புச் சிமெண்டுத் தரை. ஏப்ரல் மாதத்திலும் வெறுங்காலோடு நடந்தால் ஜில்லென்று ஏறும். அந்தத் தரையில் ஒரு நாள் முற்பகலில், தேயிலைக் காட்டிலிருந்து நேராக ஏறி வந்த பெண்கள் பத்துப் பதினைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். இடுப்பில் சுற்றிய பிளாஸ்டிக் ஷீட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. முதுகில் கொழுந்துப் பை. அவர்கள் காலில் ஒட்டியிருந்த சேறு முழுவதும் இப்போது என் தரையில் இருந்தது.

எதிரே ஒரு காமிரா, இரண்டு விளக்கு, கால் வைக்க இடமில்லாமல் ஒயர்கள். நடுவில் கம்பளிக் குல்லாய் போட்ட இயக்குநர்.

"யார் இவங்கள உள்ள விட்டது? ஷாட் போச்சு! மொத்த ஷாட்டும் போச்சு!" என்று குதித்தார்.

"நாந்தானுங்க விட்டேன். என்ற ஊடு," என்றேன். குன்னூர் மார்க்கெட்டிலிருந்து வாங்கி வந்த காய்கறிப் பையை நான் இன்னும் கீழே வைத்திருக்கவில்லை.

வந்தவர்களில் மூத்தவள் பாக்கியம். அவள் அந்த மனிதரைச் சட்டையே செய்யவில்லை. என்னைப் பார்த்து, "அந்தப் புள்ள எங்கங்க? கண்ணால பாத்துட்டுப் போயிர்றோம். கொழுந்து வாடுது," என்றாள்.

அந்தப் புள்ள யார் என்று சொல்வதானால் அந்தப் படத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நினைத்தாலே வாய் கசக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

ஒன்பதாவது ஜன்னல்

எங்கள் வீட்டில் வந்து தங்கிப் போன விருந்தாளிகளை, எங்கள் பேச்சில் உறம்பரைகளைப் பற்றித்தான் இந்தத் தொடரில் எழுதி வருகிறேன். போன வாரம் தேனிலவுக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்த மாப்பிள்ளையைப் பற்றி எழுதியிருந்தேன். அந்த மாப்பிள்ளை எவ்வளவோ மேல். அவருக்குக் கலை தெரியாது.

எங்கள் வீடு கோத்தகிரி ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, தேயிலைக் காட்டுக்கு மேலே இருக்கிறது. பழைய எஸ்டேட் பங்களா. என் வீட்டுக்காரர் ஃபேக்டரி வேலையிலிருந்து ரிடையர் ஆன பிறகு வாங்கினோம். இரண்டு அறையில் நாங்கள் இருந்துகொண்டு மற்றதை வந்து தங்குகிறவர்களுக்கு விடுகிறோம்.

ஒரு மழைக்காலத்தின் தொடக்கத்தில் அந்த இயக்குநர் வந்தார். பெயர் வேண்டாம். எழுதி அவருக்கு விளம்பரம் தேடிக் கொடுக்க எனக்கு மனசில்லை. தம்பி என்றே வைத்துக்கொள்வோம். படத்தின் பெயர் 'ஒன்பதாவது ஜன்னல்'. என் வீட்டில் கக்கூஸ் ஜன்னலையும் சேர்த்து எண்ணினாலும் ஏழுதான். அதைச் சொன்னேன்.

"ஆன்ட்டி, அந்த ஒன்பதாவது ஜன்னல் மனசுக்குள்ள இருக்கு," என்றார்.

கதை இவ்வளவுதான். மலை பங்களாவில் ஒரு பெண் தனியாக இருக்கிறாள். வெளியே பனிமூட்டம். அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் புத்தி பிசகிப் போகிறாள். யாரோ கூப்பிடுவதுபோல் இருக்கிறது, யாருமில்லை. கடைசியில் சுவரோடு பேசுகிறாள். இந்த நாலு வரியைச் சொல்ல அவருக்கு ஒரு மத்தியானமும் ஆறு டம்ளர் டீயும் தேவைப்பட்டது.

"மலைன்னாலே தனிமைதானே ஆன்ட்டி?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேட்டுப்பாளையம் தாண்டி முதல் வளைவு ஏறியதும் இந்தக் கீழ்நாட்டுக்காரர்களுக்கு என்னதான் ஆகிறதோ தெரியவில்லை. எங்கள் ஊரில் தனிமையா? எங்கள் வீட்டில் கேஸ் தீர்ந்தால் சாயங்காலத்துக்குள் பஜாரில் பேச்சு வந்துவிடும். நான் ராத்திரி இரண்டு தரம் இருமினால் காலையில் பால்காரர், "ஏனுங்க, கஷாயம் வெச்சீங்களா?" என்று கேட்பார். ஊட்டிக்குப் போகிற பஸ்ஸில் ஒரு நாளாவது வாயை மூடிக்கொண்டு உட்கார விட்டிருக்கிறார்களா எவராவது? தனிமை வேண்டும் என்றால் நான் கோயமுத்தூரில் என் தங்கை இருக்கிற அபார்ட்மெண்டுக்குத்தான் போக வேண்டும்.

உப்பில்லாக் கஞ்சி

நடிகையின் பெயர் யமுனா. திண்டுக்கல் பக்கத்துப் பெண். சிரித்தால் ஈறு தெரியும். வந்த அன்றைக்கு நேராகச் சமையலறைக்கு வந்து, "அக்கா, உங்க பேரென்ன?" என்று கேட்டாள். சரோஜா என்றேன். அதன்பிறகு வார்த்தைக்கு வார்த்தை சரோஜாக்காதான். கூடமாட நின்று பூண்டு உரித்தாள். இதுதான் தன் முதல் பெரிய வேஷம் என்றாள். இந்தப் படம் நன்றாக வந்தால் வீட்டில் கல்யாணப் பேச்சை நிறுத்திவிடுவார்கள் என்றும் சொன்னாள்.

மறுநாள் தம்பி எங்களை எல்லாம் கூப்பிட்டுச் சட்டம் போட்டார். படம் முடியும்வரை யமுனாவோடு யாரும் பேசக்கூடாது. அவள் பேசினாலும் பதில் சொல்லக்கூடாது. போனை வாங்கி வைத்துக்கொண்டார். சுவர்க் கடிகாரத்தை நிறுத்தினார். கண்ணாடிகளைத் துணி போட்டு மூடினார். சாப்பாட்டை அறைக்கு வெளியே ஸ்டூலில் வைத்துவிட்டு நான் நகர்ந்துவிட வேண்டும். அந்தச் சாப்பாட்டிலும் உப்பு கூடாதாம். அந்தக் கேரக்டர் ருசியை இழந்தவளாம்.

"ஏனுங்க தம்பி, நடிக்கறதுக்குத்தானே அந்தப் புள்ள வந்திருக்குது? அது நடிச்சுக்காதா?" என்று கேட்டேன்.

"நடிப்பு பொய் ஆன்ட்டி. எனக்கு நிஜம் வேணும்."

நிஜம் வேண்டுமாம்! உலகத்தில் உள்ள பயம் எல்லாம் அவருக்கு இருந்தது. சாயங்காலம் ஆனால் காட்டெருமை வருமோ என்று காரை விட்டு இறங்க மாட்டார். தனக்கு மட்டும் ஆட்டுக்கால் சூப், கம்பளி, ரூம் ஹீட்டர், பேசுவதற்கு எட்டுப் பேர். நிஜமெல்லாம் அந்தப் பெண்ணுக்கு மட்டும்தான்.

ஒருவரைப் பார்த்துச் 'சாப்டீங்களா' என்று கேட்காமல் போவது எங்கள் பக்கத்தில் சண்டை போட்டவர்கள் செய்கிற காரியம். என்னால் முடியவில்லை. கஞ்சிக்கு அடியில் மாங்காய் ஊறுகாயை ஒளித்து வைத்தேன். தட்டு திரும்பி வரும்போது மாங்கொட்டை சுத்தமாக இருக்கும். அவ்வளவுதான் எங்கள் பேச்சுவார்த்தை.

சீரகம்

இதே பங்களாவில் அப்படி ஒருத்தி இருந்ததை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம்.

என் அப்பா காரமடையிலிருந்து வந்து இந்த எஸ்டேட்டில் மளிகைக் கடை வைத்தவர். பங்களாவில் அப்போது மேனேஜர் குடும்பம். சாமான் கொண்டுபோகிற அப்பாவோடு நானும் பாவாடை கட்டிக்கொண்டு போவேன். மேனேஜர் சம்சாரம் மெட்ராஸ்காரம்மா. நைலக்ஸ் புடவை, பவுடர் வாசனை. அவர் கிளார்க் வீட்டுப் பெண்களோடு பேசக்கூடாது, லயத்து வீடுகளில் இருக்கிற கூலிக்காரப் பெண்களோடு பேசக்கூடாது, பஜாருக்கு இறங்கி நடக்கக்கூடாது. மேனேஜர் வீட்டம்மா என்றால் அதுதான் மரியாதை என்று வைத்திருந்தார்கள்.

அந்தம்மா எங்களைப் பார்த்ததும் வாசலுக்கு ஓடி வருவார். "சீரகம் வந்துதா?" என்பார். வந்துச்சுங்க என்று அப்பா கொடுப்பார். "புதுசா? எந்த ஊரு சீரகம்? பாப்பா, நீ சொல்லு, இது வாசனையா இருக்கா?" என்று எங்களை நிற்க வைத்தே பேசுவார். ஒவ்வொரு தடவையும் சீரகம்தான். அந்த வீட்டில் இவ்வளவு ரசம் யார் குடிக்கிறார்கள் என்று அப்பா அதிசயப்படுவார்.

ஒரு கோடையில் அவருடைய அண்ணன் வந்து அவரை மெட்ராசுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். தலைக்குச் சுகமில்லை என்றார்கள். வீட்டைக் காலி செய்தபோது நாங்கள் போனோம். சமையலறை அலமாரியில் வரிசையாக ஹார்லிக்ஸ் பாட்டில்கள், எல்லாவற்றிலும் சீரகம், மூடி திறக்கவே இல்லை. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். எனக்குச் சீரக வாசனை இன்றைக்கும் ஆகாது.

அந்தம்மாவை எந்தப் பனிமூட்டமும் பைத்தியமாக்கவில்லை. அவரோடு பேசக்கூடாது என்று யாரோ ஒரு மனுஷன் சட்டம் போட்டான். தம்பி போட்டதும் அதே சட்டம்தான். என்ன, அவருக்குக் காமிரா இருந்தது.

மூட்டம் இறங்கினால்

எங்கள் வீட்டுக்குக் கீழே கொழுந்து பறிக்கிற பெண்களில் பாதிப்பேர் சிலோனிலிருந்து திரும்பி வந்தவர்களின் பிள்ளைகள். பாக்கியமும் அப்படித்தான். தேயிலைச் செடி வரிசையை அவர்கள் நெரை என்பார்கள். ஆளுக்கொரு நெரை.

மழைக்காலத்தில் திடீரென்று மூட்டம் இறங்கிவிடும். பக்கத்து நெரையில் நிற்கிறவள் தெரியமாட்டாள். செடிக்கு நடுவில் காட்டெருமை படுத்திருக்கும், கரடி நடமாடும். அதனால் ஒரு வழக்கம் உண்டு. முதல் நெரைக்காரி பக்கத்து நெரைக்காரியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். "செல்வியோய்!" செல்வி, "இருக்கேன்!" என்று சத்தம் கொடுத்துவிட்டு அடுத்தவளைக் கூப்பிடுவாள். இப்படியே கடைசி நெரைவரை போகும். மூட்டம் கலையும்வரை கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் இது நடக்கும்.

இதில் ஒரு கண்டிப்பு. அவரவர் வாயால்தான் பதில் சொல்ல வேண்டும். இவளுக்கு அவள் சொன்னால் செல்லாது. ஒரு பெயருக்குப் பதில் வரவில்லையென்றால் எல்லாரும் கையில் இருப்பதைப் பையில் போட்டுவிட்டு அந்த நெரையைப் பார்த்து நடப்பார்கள். மேஸ்திரி திட்டினாலும் சரி.

கடைசி நெரை யமுனா இருந்த அறையின் ஜன்னலுக்கு நேர் கீழே முடிகிறது. ஒரு நாள் வரிசை வந்து முடிந்தது. கடைசி ஆளுக்கு மேற்கொண்டு கூப்பிட யாருமில்லை. அப்போது மேலேயிருந்து, "இருக்கேன்!" என்று ஒரு குரல்.

காட்டில் சிரிப்பு. "யாருடி அது?"

"யமுனா!"

நான் அடுப்படியில் இருந்தேன். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அன்றிலிருந்து கடைசி நெரைக்காரி, "யமுனாவோய்!" என்று கூப்பிடாமல் விடுவதில்லை. பதில் வராமல் மேலே பறிப்பதும் இல்லை. வெயில் அடித்த நாளில்கூடச் சும்மாவாவது ஒருதரம் கூப்பிட்டுவிட்டுத்தான் இடம் மாறுவார்கள். அந்தப் பெண் முகத்தில் மறுபடி ரத்தம் ஓடியது.

தம்பிக்குத்தான் பொறுக்கவில்லை. "கேரக்டர் கலைஞ்சு போச்சு. மூணு வாரமா நான் கட்டினதெல்லாம் போச்சு," என்று புலம்பினார். சோற்றில் உப்புப் போடாததைத் தவிர அவர் என்ன கட்டினார் என்று எனக்கு விளங்கவில்லை.

இருக்காங்க, இருக்காங்க

அன்றைக்கு நான் மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். வீட்டுக்காரர் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். நாங்கள் இல்லாத நேரம் பார்த்து யமுனாவின் ஜன்னலைப் பலகை வைத்து அடித்து, அதன் வெளிப்பக்கம் கறுப்பு மெத்தையைத் தொங்கவிட்டார்கள். அறைக்குள் ஒரு காமிராவை வைத்து ஓடவிட்டு, வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள். ஹாலில் ஒரு சின்ன டிவியில் அவளைப் பார்த்தபடி தம்பி உட்கார்ந்திருந்தார்.

மூட்டம் இறங்கியது. காட்டில் பெயர்கள் வரிசையாக வந்தன. "யமுனாவோய்!"

உள்ளே அவளுக்குக் கேட்டிருக்கிறது. இருக்கேன் என்று சொல்லியிருக்கிறாள். பலகைக்கும் மெத்தைக்கும் நடுவில் அந்தக் குரல் வெளியே போகவில்லை. அந்த ஒரு வார்த்தையைத் தவிர நாள்கணக்கில் பேசாமல் கிடந்த தொண்டை வேறு. கீழேயிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். மறுபடி சொன்னாள். கூப்பிடக் கூப்பிடச் சொன்னாள், அழுதுகொண்டே சொன்னாள். தம்பி இங்கே உட்கார்ந்து, "சூப்பர், சூப்பர், நிறுத்தாதே," என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

கீழே சத்தம் அதிகமாகவும், அதை அடக்கச் சொல்லி உதவியாளன் ஒருவனை வெளியே அனுப்பினார். அந்த மேதாவி படியில் நின்று, "இருக்காங்க, இருக்காங்க! நீங்க வேலையப் பாருங்க!" என்று கத்தினான். பதில்தானே வேண்டும், யார் சொன்னால் என்ன என்று நினைத்துவிட்டான்.

ஆம்பளைக் குரல் வந்ததும் மொத்த நெரையும் மேலே ஏறிவிட்டது.

நான் ஜீப்பிலிருந்து இறங்கும்போது அவர்கள் வாசலில் நின்றார்கள். பாக்கியம் ஒரே வரியில் விஷயத்தைச் சொன்னாள். நான் கதவைத் திறந்து விட்டேன். மேலே சொன்ன கூத்து அப்போதுதான் நடந்தது. தம்பி குதித்து முடிப்பதற்குள் நான் உள்ளறைத் தாழ்ப்பாளை நீக்கியிருந்தேன்.

யமுனா ஜன்னலைப் பார்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்க்கவில்லை. பலகையை அடித்து அடித்து உள்ளங்கை தடித்திருந்தது. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

பாக்கியம் அவள் முன்னால் போய்க் குந்தினாள். கைக்கெட்டும் தூரத்தில் இருந்துகொண்டு, காட்டில் கூப்பிடுகிற அதே தொண்டையில், "யமுனாவோய்!" என்றாள். ஓடு அதிர்ந்தது.

"இருக்கேன்," என்று காற்றாக வந்தது.

"கேக்கலடி. இன்னொருக்காச் சொல்லு."

"இருக்கேன்!"

"ஆங். இப்பக் கேக்குது," என்று சொல்லிவிட்டு ஈரக் கையால் அவள் தலையைத் தடவினாள். அப்புறம் அந்தப் பெண் என் மடியில் படுத்து அழுத அழுகையை நான் எழுதப் போவதில்லை. உப்புப் போட்ட சோறும் குழம்பும் போட்டேன். சாயங்காலத்துக்குள் தம்பியையும் அவர் ஒயர்களையும் வெளியே அனுப்பினேன். அவர் என்னைப் பார்த்து, "உங்களுக்குக் கலை புரியாது," என்றார். கதவைச் சாத்திக்கொண்டேன்.

வயலின்

மிச்சப் படத்தை வேறெங்கோ, யமுனாவுடைய முதுகு மாதிரி முதுகு உள்ள இன்னொரு பெண்ணை வைத்து முடித்தார்களாம். ஏதோ வெளிநாட்டு விழாவில் கைதட்டினார்களாம். பேட்டிக்குப் பேட்டி தம்பி ஒரே பாட்டுதான்: "அவங்க கேரக்டருக்குள்ள போயிட்டாங்க. திரும்பி வரவே முடியலை. பாவம்."

இந்தப் பாவத்தில் அந்தப் பெண்ணின் பிழைப்பு போயிற்று. கூப்பிட்டுப் பேசுகிற கம்பெனிகள் எல்லாம் பின்வாங்கின. ஒரு நாள் போனில் சொன்னாள்: "அக்கா, நடிச்சுக் காட்டச் சொல்லாம, மாத்திரை சாப்பிடறீங்களான்னு கேக்கறாங்கக்கா. அந்தப் படத்தப் பாத்தவங்க எல்லாம் நான் நிஜமாவே சுவத்தோட பேசினேன்னு நம்பறாங்க. எனக்கு நடிக்கணும்க்கா. வேற எதுவும் தெரியாது."

சில மாதம் முன்பு குன்னூரில் ஒரு ஹாலில் அந்தப் படத்தைப் போட்டார்கள். கோயமுத்தூர், சென்னையிலிருந்தெல்லாம் சினிமாக்காரர்கள், பத்திரிகைக்காரர்கள். எனக்கும் அழைப்பு வந்தது, நான் பாக்கியத்தையும் கூட்டிக்கொண்டு போனேன். யமுனாவும் வந்திருந்தாள். வரமாட்டேன் என்றவளை நான்தான் வம்பு பண்ணி வரச் சொன்னேன். முன் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். அவளுக்குப் பக்கத்து நாற்காலிகள் இரண்டு பக்கமும் காலியாக இருந்தன.

படம் தொடங்குமுன் தம்பி மேடையேறி, அவளைக் கைகாட்டி, "இன்னும் முழுசாக் குணமாகலை, ஆனாலும் வந்திருக்காங்க," என்றார். கைதட்டினார்கள். எனக்கு மிதியடியைக் கழற்றலாம் போல இருந்தது.

படத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர் சொட்டுகிறது. என் வீட்டுக் குழாயை நிறையப் பேர் பார்த்தார்கள். கடைசியில் அந்தக் காட்சி வந்தது. யமுனா தரையில், பலகையைப் பார்த்து. ஆனால் பெண்கள் கூப்பிடுகிற சத்தத்தை முழுக்க எடுத்துவிட்டிருந்தார்கள். அவள் குரலையும் எடுத்துவிட்டிருந்தார்கள். அதற்குப் பதில் ஒரு வயலின் இழுத்துக்கொண்டிருந்தது. அவள் வாய் அசைகிறது, அழுகிறாள், மறுபடி வாய் அசைகிறது. எனக்கு முன்னால் இருந்தவர், "தானாப் பேசிக்குது பாரு," என்று பக்கத்தில் கிசுகிசுத்தார்.

பாக்கியம் என் கையைத் தட்டினாள். "ஏங்க, இது அன்னைக்கு நடந்ததுதானே? எங்க சத்தம் எங்க போச்சு?"

"எடுத்துப்போட்டாங்க பாக்கியம்."

"எடுத்துட்டா அந்தப் புள்ள யாருக்குப் பதில் சொல்லுது?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் எழுந்து நின்றுவிட்டாள். இரண்டு கையையும் வாயோரம் குவித்து, மலைக்கு மலை கேட்கிற குரலில், "யமுனாவோய்!" என்றாள்.

ஹாலே திரும்பியது. திரையில் அந்த முகம் வாயைத் திறந்தது. முன் வரிசை இருட்டிலிருந்து, தெளிவாக, கொஞ்சமும் நடுங்காமல், "இருக்கேன்!" என்று வந்தது.

பாக்கியம் மறுபடி கூப்பிட்டாள். திரையில் மறுபடி வாய் அசைந்தது. "இருக்கேன்!" அசைவுக்கும் சொல்லுக்கும் இம்மி பிசகவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் திரையையும் முன் வரிசையையும் மாறி மாறிப் பார்த்தார். "அட, அது பதில் சொல்லுதுய்யா," என்றார். இந்தத் தடவை கிசுகிசுக்கவில்லை.

தம்பி மைக்கைத் தேடிக்கொண்டு, "ப்ளீஸ், ப்ளீஸ்," என்று ஓடினார். யாரோ விளக்கைப் போட்டார்கள். யமுனா எழுந்து எங்கள் பக்கம் திரும்பி நின்றாள். பதில் சொன்னவள் அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டும். அது வழக்கம். பலகை அடித்த அந்த அறையில் அவளுக்குக் கூப்பிட யாருமில்லை. ஈறு தெரியச் சிரித்தாள்.

"சரோஜாக்காவோய்!"

எழுந்து நின்று, அத்தனை பெரிய மனுஷர்களுக்கும் நடுவில், நான் என் வாயால் பதில் சொன்னேன்.